சளி, தொண்டை வலி, இருமல்: மேல் சுவாசப் பாதைத் தொற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவர் சீட்டில் ‘மேல் சுவாசப் பாதைத் தொற்று’ என்று எழுதுவதும், நாம் ‘சளி பிடித்திருக்கிறது’ என்று சொல்வதும் பெரும்பாலும் ஒன்றைத்தான். இதைப் பற்றி எத்தனை கேள்விகள் வந்தாலும் அடியில் இருப்பவை இரண்டு: இது தானாகச் சரியாகிவிடுமா? எப்போது பயப்பட வேண்டும்? இரண்டுக்கும் தெர்மாமீட்டரைவிட நாட்காட்டிதான் அதிகம் உதவும். உங்களுக்கு இது எத்தனையாவது நாள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மேல் சுவாசப் பாதை என்பது எதுவரை?

மூக்குத் துவாரத்தில் தொடங்கி, மூக்கின் உட்பகுதி, முக எலும்புகளுக்குள் இருக்கும் சைனஸ் என்ற காற்றறைகள், தொண்டை, குரல்வளை வரை. அதற்குக் கீழே உள்ள மூச்சுக்குழாயும் நுரையீரலும் கீழ்ப் பாதை. எந்த இடத்தில் அழற்சி அதிகமோ அதை வைத்துப் பெயர் மாறும்: மூக்கு என்றால் ஜலதோஷம், தொண்டை என்றால் தொண்டை அழற்சி, பிறகு டான்சில், சைனஸ், குரல்வளை என்று போகும். உள்ளே இருக்கும் சவ்வு ஒரே தொடர்ச்சிதான். அதனால் காலையில் தொண்டையில் ஆரம்பித்தது மாலையில் மூக்கில் இருக்கும். மூன்றாம் நாள் குரலையும் பிடித்துக்கொள்ளும்.

காது இந்தக் கணக்கில் வராது. ஆனால் மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. குழந்தைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால்தான் சளிக்குப் பின்னாலேயே காது வலி வருகிறது.

எந்தக் கிருமி இதற்குக் காரணம்?

பெரும்பாலும் வைரஸ்கள். சளியை உண்டாக்கக்கூடியவை 200-க்கும் மேல். அவற்றில் முதலிடம் ரைனோவைரஸுக்கு. பெரியவர்களுக்கு வரும் சளியில் ஏறத்தாழ பாதி அதன் வேலை. 1950-களில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. உடலின் மற்ற பகுதிகளைவிடச் சற்றுக் குளிர்ந்த இடத்தில், 33 முதல் 35 டிகிரி செல்சியஸில், நன்றாகப் பெருகும். மூக்கு அதற்கு ஏற்ற இடம்.

அடுத்து, கோவிட் வருவதற்கு முன்பே நம்மிடையே சுற்றிக்கொண்டிருந்த நான்கு வகைச் சாதாரண கொரோனா வைரஸ்கள், பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோவைரஸ், ஆர்.எஸ்.வி., 2001-இல் கண்டறியப்பட்ட மெட்டாநிமோ வைரஸ். இன்ஃப்ளூயன்சாவும் கோவிட்டும் இதே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. ஆனால் அவை கீழே இறங்கி நுரையீரலைத் தொடும் வாய்ப்பு அதிகம் என்பதால் தனியாகப் பேசப்படுகின்றன.

பாக்டீரியாவின் பங்கு சிறியது. தொண்டையைத் தாக்கும் ‘ஏ’ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அதில் முக்கியமானது. அதைப் பற்றித் தனியாகப் பார்ப்போம்.

ஒருமுறை வந்தால் எதிர்ப்பு சக்தி வந்துவிடாதா? ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

எதிர்ப்பு சக்தி வருகிறது. ஆனால் வந்த அந்த ஒரு வகைக்குத்தான் முக்கியமாக. ரைனோவைரஸில் மட்டும் 160-க்கும் அதிகமான வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிராக உண்டான பாதுகாப்பு இன்னொன்றை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சளிக்குத் தடுப்பூசி வராததற்கும் இதுவே பெரிய காரணம். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 2, 3 முறை வருவது இயல்பு. பள்ளி செல்லும் குழந்தை வீட்டில் இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு கூடும்.

மழையில் நனைந்தால், குளிரில் நின்றால் சளி பிடிக்குமா?

இது பழைய சண்டை. அறிவியல் இதில் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருக்கிறது. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946-இல் சளி ஆராய்ச்சிக்கென்றே ஒரு மையம் தொடங்கி 40 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. தன்னார்வலர்கள் அங்கே போய்த் தங்கி மூக்கில் வைரஸை விட்டுக்கொள்வார்கள். சிலரைக் குளிக்கவைத்து, துவட்டவிடாமல், காற்று அடிக்கும் நடையில் ஈரத்தோடு நிற்கவும் வைத்தார்கள். அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகச் சளி பிடிக்கவில்லை. ‘குளிருக்கும் சளிக்கும் தொடர்பில்லை’ என்று அடித்துச் சொல்வதற்கு இது போதுமானதாக இருந்தது.

பிறகு 2005-இல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 180 பேரை வைத்து ஒரு சோதனை. பாதிப் பேர் 20 நிமிடம் குளிர்ந்த நீரில் கால் வைத்திருந்தார்கள். அடுத்த சில நாட்களில் சளி பிடித்ததாகச் சொன்னவர்கள் அந்தப் பாதியில்தான் அதிகம். 2015-இல் யேல் ஆய்வாளர்கள், எலியின் சுவாசப்பாதைச் செல்கள் சற்றுக் குளிர்ந்த வெப்பநிலையில் ரைனோவைரஸை எதிர்க்கும் வேகம் குறைகிறது என்று காட்டினார்கள்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது: குளிரோ ஈரமோ கிருமியை உண்டாக்காது, வைரஸ் இல்லாமல் எவ்வளவு நனைந்தாலும் தொற்று வராது. ஏற்கெனவே மூக்கில் வந்து உட்கார்ந்திருக்கும் வைரஸுக்குக் குளிர் கொஞ்சம் கை கொடுக்கலாம். குளிர் நாட்களில் எல்லோரும் சன்னலைச் சாத்திக்கொண்டு ஓர் அறைக்குள் கூடுவது அதைவிடப் பெரிய காரணம். இந்தச் சண்டையில் பாட்டி முழுக்கத் தோற்கவில்லை.

எப்படிப் பரவுகிறது? எத்தனை நாள் மற்றவர்களிடமிருந்து ஒதுங்கியிருக்க வேண்டும்?

இருமல், தும்மல், பேச்சு ஆகியவற்றில் தெறிக்கும் துளிகள் ஒரு வழி. கை இன்னொரு வழி. ரைனோவைரஸ் கையில் சில மணி நேரம் உயிர்ப்போடு இருக்கும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கினாலோ மூக்கைத் தொட்டாலோ வேலை முடிந்தது. கண்ணில் பட்ட வைரஸ் கண்ணீர்ப் பாதை வழியே மூக்குக்கு இறங்கிவிடும். முதல் மூன்று நாட்கள்தான் அதிகமாகப் பரப்பும் காலம். அந்த நாட்களில் கைக்குழந்தைகளிடமிருந்தும் முதியவர்களிடமிருந்தும் தள்ளியிருப்பதும், முகக்கவசம் போட்டுக்கொள்வதும் நல்லது. காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆனபின், உடம்பும் தேறிவந்தால் வேலைக்கோ பள்ளிக்கோ போகலாம். மூக்கு முழுதாகக் காயும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

சாதாரணச் சளி எந்த நாளில் எப்படி இருக்கும்?

இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

வைரஸ் நுழைந்து ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கும். முதலில் தொண்டையில் ஓர் உறுத்தல், மூக்கின் பின்னால் எரிச்சல். சில மணி நேரத்தில் தும்மலும் தண்ணீராய் ஒழுகும் மூக்கும். தொண்டை வலி சீக்கிரமே பின்வாங்க, மூக்கடைப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம், மூன்றாம் நாட்கள்தான் உச்சம்: தலை பாரம், உடல் அசதி, குழந்தைகளுக்குக் காய்ச்சல். பெரியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் இருக்கும். இருந்தால் இலேசாக இருக்கும். நான்கு, ஐந்தாம் நாளில் சளி கெட்டியாகி நிறம் மாறும். இருமல் முன்னுக்கு வரும். ஏழு முதல் பத்து நாட்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். இருமல் மட்டும் தயங்கித் தயங்கி மூன்று வாரம்வரை கூட நிற்கும்.

இப்போது கவனியுங்கள். பெரும்பாலோர் மருத்துவரிடம் ஓடுவது மூன்றாம் நாள், அதாவது உச்சத்தில். அன்று ஒரு மாத்திரை தரப்படுகிறது. ஐந்தாம் நாள் உடம்பு தேறுகிறது. எந்த மாத்திரை கொடுத்திருந்தாலும், எதுவுமே கொடுக்காமலிருந்தாலும், ஐந்தாம் நாள் தேறியிருக்கும். ஆனால் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை அதே பட்டையை எடுத்துக்கொண்டு நேரே மருந்துக்கடைக்குப் போகிறோம்.

எவ்வளவு சிந்தினாலும் மூக்கு திறக்கவில்லையே?

அடைத்துக்கொண்டிருப்பது சளி மட்டுமல்ல. மூக்கின் உள்சுவரில் மடிப்பு மடிப்பாக இருக்கும் திசுக்களில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கின்றன. அழற்சியில் அவை புடைத்து வழியை அடைக்கின்றன. சிந்தினால் வீக்கம் வெளியே வராது. படுத்தால் தலைக்கு இரத்தம் ஏறி இன்னும் அடைக்கும். தலையணையை உயர்த்தினால் சற்று இலகுவாகும். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் அடைத்து, சில மணி நேரத்தில் மாறிக்கொள்வதும் இயல்பே. மூக்கு எப்போதும் இப்படி முறைவைத்துத்தான் வேலை செய்கிறது, சளி பிடித்தபோதுதான் அது நமக்குத் தெரிகிறது. பலமாகச் சிந்தாமல் ஒவ்வொரு பக்கமாக மெதுவாகச் சிந்துங்கள். இரண்டு துவாரத்தையும் பொத்திக்கொண்டு முக்கினால் அழுத்தம் காதுக்குப் போகும்.

சளி பச்சையாக வருகிறது. ஆன்டிபயாட்டிக் வேண்டும்தானே?

வேண்டியதில்லை. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் விழுங்கப்பட்ட மாத்திரைகளுக்குக் கணக்கே இருக்காது. தொற்றை எதிர்க்க வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களில் இரும்புச் சத்துள்ள ஒரு நொதி இருக்கிறது. அதன் நிறமே பச்சை. அந்த அணுக்கள் ஏராளமாக வந்து மடியும்போது சளி மஞ்சளாகி, பிறகு பச்சையாகும். வைரஸ் தொற்றிலும் அப்படித்தான். இரவெல்லாம் தேங்கிய சளி காலையில் இன்னும் அடர்த்தியாகத் தெரியும். எத்தனை நாளாக இருக்கிறது, குறைகிறதா கூடுகிறதா என்பவைதான் முக்கியம், நிறம் அல்ல.

ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் கெடுதல் ஒன்றுமில்லையே, எதற்கும் ஒரு பாதுகாப்புக்கு?

இவை பாக்டீரியாவின் செல்சுவரையோ அது புரதம் செய்யும் பொறியையோ தாக்குபவை. வைரஸுக்குச் செல்சுவரும் இல்லை, அப்படியொரு பொறியும் இல்லை. ஆக, வேலை செய்ய இடமே இல்லை. பின்னாளில் நிமோனியா வராமல் தடுக்கும் என்பதும் ஆரோக்கியமான ஒருவருக்குப் பொருந்தாது. கிடைப்பது வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு, சில சமயம் கடுமையான ஒவ்வாமை. நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மருந்தைச் சமாளிக்கப் பழகிக்கொள்வது தனிக் கணக்கு. ‘மூன்று நாள் அசித்ரோமைசின்’ என்று தாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை நான் எந்த வகையிலும் ஒப்புக்கொள்வதில்லை.

அப்படியானால் எப்போதுதான் அது தேவை?

முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்கு. தொண்டை வலியோடு வரும் குழந்தைகளில் 100-க்கு 20 முதல் 30 பேருக்கும், பெரியவர்களில் 5 முதல் 15 பேருக்கும்தான் இது காரணம். 5 முதல் 15 வயதில் அதிகம். திடீரென்று தொடங்கும், விழுங்கவே முடியாத வலி, காய்ச்சல், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறிகட்டு, டான்சிலில் வெள்ளைத் திட்டுகள். இதில் கவனிக்க வேண்டியது எது இல்லை என்பதை: மூக்கு ஒழுகாது, இருமல் இருக்காது, குரல் கம்மாது. தொண்டை வலியோடு இவையெல்லாம் இருந்தால் அது பெரும்பாலும் வைரஸ்.

மருத்துவர்கள் 1981 முதல் ஒரு எளிய கணக்கை வைத்திருக்கிறார்கள்: காய்ச்சல், டான்சிலில் வெள்ளை, முன்கழுத்தில் வலிக்கும் நெறி, இருமல் இல்லாமை. நான்குக்கும் ஒவ்வொரு மதிப்பெண். ஒன்றோ பூஜ்யமோ என்றால் சோதனையே வேண்டாம். அதற்கு மேல் என்றால் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி உடனடிச் சோதனை செய்யலாம். வெறும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்வது அனுபவசாலிகளுக்கும் கடினம்.

உறுதியானால் பெனிசிலினோ அமாக்சிசிலினோ 10 நாள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மாற்று மருந்துகள் உண்டு. இரண்டு நாளில் வலி போய்விட்டதே என்று நிறுத்தக் கூடாது. இந்த மருந்து வலிக்காக மட்டும் கொடுக்கப்படுவதில்லை. சில வாரங்கள் கழித்து மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பதுதான் பெரிய நோக்கம். ஒன்பது நாளுக்குள் தொடங்கினால்கூட அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். எனவே சோதனை முடிவுக்கு ஒருநாள் காத்திருப்பதால் எதுவும் கைவிட்டுப் போகாது. மருந்து தொடங்கிய 24 மணி நேரத்தில் மற்றவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடும்.

பதின்வயது மகனுக்குத் தொண்டை வலி இரண்டு வாரமாகியும் விடவில்லை. எழுந்திருக்கவே முடியாத சோர்வு.

எப்ஸ்டீன்–பார் வைரஸ் தொற்றாக இருக்கலாம். டான்சிலில் வெள்ளை படிந்து ஸ்ட்ரெப் போலவே தோன்றும்; கழுத்தின் பின்பக்கத்திலும் நெறி கட்டும். இதற்கு அமாக்சிசிலின் கொடுத்தால் பலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு வரும். மண்ணீரல் வீங்கியிருக்கக்கூடும் என்பதால் மோதி விளையாடும் ஆட்டங்களைக் குறைந்தது மூன்று, நான்கு வாரம் நிறுத்திவைக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

முகம் பாரமாக இருக்கிறது. சைனஸ் பாக்டீரியா தொற்றா?

ஒவ்வொரு சளியிலும் சைனஸ் அறைகளுக்குள் கொஞ்சம் வீக்கம் இருக்கத்தான் செய்யும். அதில் பாக்டீரியா சேருவது பெரியவர்களில் 100 சளிக்கு இரண்டைத் தாண்டுவதில்லை. மூன்று விதமாக அது தன்னைக் காட்டும். பத்து நாள் கடந்தும் துளியும் குறையாமல் இருப்பது ஒன்று. 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் கெட்டிச் சீழும் முக வலியும் தொடக்கத்திலேயே மூன்று, நான்கு நாள் தொடர்ந்து இருப்பது இன்னொன்று. மூன்றாவது, ஐந்தாறு நாளில் தேறிவந்து பிறகு திடீரென்று மோசமாவது. இந்த ‘இரண்டாம் சறுக்கல்’ சளியின் எந்தச் சிக்கலுக்கும் நல்ல எச்சரிக்கை. ஏழாம் நாளில் சைனஸை எக்ஸ்-ரே எடுப்பதில் பயனில்லை, சாதாரணச் சளியிலும் அது மங்கலாகத்தான் தெரியும்.

இது சளியா, ஃப்ளூவா, ஒவ்வாமையா?

ஃப்ளூ மணி சொல்லும்: ‘நேற்று மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தது’ என்று நோயாளி சொல்லக்கூடிய அளவுக்குத் திடீரென்று அடிக்கும். அதிகக் காய்ச்சல், குளிர், உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போன்ற வலி. சளி மெதுவாக ஏறும். ஒவ்வாமையில் மூக்கும் கண்ணும் அரிக்கும், தும்மல் அடுக்கடுக்காக வரும், நீர் தெளிவாக ஒழுகும், காய்ச்சல் இராது, வாரக்கணக்கில் நீடிக்கும். கோவிட்டை அறிகுறியை வைத்துப் பிரிக்க இப்போது வழியில்லை; தெரிந்தே ஆகவேண்டும் என்றால் சோதனைதான். முதியவர்கள், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோயுள்ளவர்கள் ஃப்ளூ சந்தேகம் வந்தால் தாமதிக்கக் கூடாது, ஃப்ளூவுக்கான ஓசெல்டமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் எதை, எவ்வளவு?

பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. முதல் 1 கிராம்வரை. நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் அளவு இன்னும் குறைவு. குழந்தைகளுக்கு எடையை வைத்து: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. ‘ஒரு மூடி’ என்ற அளவு வேண்டாம். ஒவ்வொரு புட்டியிலும் மருந்தின் செறிவு வேறு.

சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும். அதையும் போட்டு, காய்ச்சல் மாத்திரையும் தனியாகப் போட்டால் அளவு சத்தமில்லாமல் இரட்டிப்பாகும். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஆஸ்பிரின் கூடாது. வைரஸ் காய்ச்சலில் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்கு அது வழி விடும்.

இருமல் சிரப் பயன் தருமா?

விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. சாதாரணச் சளி இருமலில் இவை வெறும் இனிப்பு நீரைவிடப் பெரிதாக உதவுகின்றன என்பதற்கு உறுதியான சான்று குறைவு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். தூக்கமும் படபடப்பும் மூச்சுத் தளர்ச்சியும் வரும் ஆபத்து உண்டு. கோடீன் கலந்தவை 12 வயதுக்குள் கூடவே கூடாது. மாசுபட்ட சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்ததால் குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழந்ததைத் தொடர்ந்து, 2022 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. அவசியமில்லாத ஒரு மருந்துக்காக இந்த ஆபத்து எதற்கு?

ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்தால் இரவு இருமல் சற்றுக் குறைகிறது. இதற்குச் சிரப்பைவிட நல்ல சான்று இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகளைக் கைக்குழந்தையின் குடலால் சமாளிக்க முடியாது.

மூக்கில் விடும் சொட்டு மருந்து?

ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்றவை சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் ஐந்து நாளுக்கு மேல் போனால் மருந்து இறங்கியதும் வீக்கம் முன்பைவிட அதிகமாகத் திரும்பும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். சளி என்றைக்கோ போயிருக்கும், சொட்டு மட்டும் மாதக்கணக்கில் பையில் இருக்கும். வாய்வழி ஃபெனிலெஃப்ரின் மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக: வழக்கமான அளவில் அது மூக்கடைப்புக்கு உதவுவதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் நிபுணர் குழு ஒருமனதாகச் சொன்னது.

உப்பு நீர்ச் சொட்டோ ஸ்பிரேயோ எத்தனை நாளும் போடலாம், கைக்குழந்தைக்கும் போடலாம். வீட்டில் மூக்கைக் கழுவுவதானால் கொதிக்கவைத்து ஆறிய நீர் மட்டும். குழாய் நீரில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்க அரிதாக வாய்ப்புண்டு.

ஆவி பிடிக்கலாமா? வைட்டமின் சி, துத்தநாகம்?

ஆவி பிடித்தால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், நோயின் நாட்கள் குறைவதற்குத் தெளிவான சான்று இல்லை. குழந்தைகளுக்கு வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரம் சாய்ந்து வெந்துபோவது சளியைவிடப் பன்மடங்கு கொடுமை. பெரியவர்களுக்கு வெந்நீர்க் குளியலின் ஆவியே போதும். தொண்டைக்கு வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பதும், சூடாக ஏதாவது குடிப்பதும் நல்லது.

வைட்டமின் சி-யைத் தினமும் எடுப்பவர்களுக்குச் சளி வருவது குறைவதில்லை. வந்தால் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 8 சதவீதம் சீக்கிரம் போகிறது, அதாவது ஒரு வாரச் சளியில் அரை நாள். சளி பிடித்த பிறகு தொடங்கினால் அதுவும் இல்லை. துத்தநாகத்தில் முடிவுகள் முன்னுக்குப்பின் முரண். குமட்டலும் வாயில் உலோகச் சுவையும் மட்டும் நிச்சயம்.

குழந்தைக்கு மாதம் தவறாமல் சளி. எதிர்ப்பு சக்தி குறைவா?

ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு, பள்ளிக்கூடமோ காப்பகமோ போகத் தொடங்கிய ஆண்டில் பத்துக்கு மேல் கூட வரும். ஒவ்வொன்றும் பத்து நாள் என்று வைத்தால் பெற்றோருக்கு ‘எப்போதும் சளி’ என்று தோன்றத்தான் செய்யும். இடையில் நன்றாக விளையாடுகிறது, எடை ஏறுகிறது என்றால் கவலை வேண்டாம். எடை ஏறாமை, திரும்பத் திரும்ப நிமோனியா, சீழ்க் கட்டிகள், காதில் நாள்பட்ட சீழ் இருந்தால் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வைட்டமின் டானிக்கைவிட அதை நிறுத்துவது பெரிய மருந்து.

டான்சிலை எடுப்பது பற்றிப் பொதுவான அளவுகோல்: ஓராண்டில் ஏழு முறை, அல்லது இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு ஐந்து, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறை, மருத்துவர் பதிவு செய்த கடுமையான தொண்டைத் தொற்று. அதற்குக் குறைந்தால் பொறுத்துப் பார்க்கலாம்.

குழந்தைக்கு எதைப் பார்த்தால் உடனே கிளம்ப வேண்டும்?

மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60-உம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50-உம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40-உம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு. தொற்று நுரையீரலுக்கு இறங்கியிருக்கலாம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், புறப்படுங்கள்.

பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு, நீலம் பாரித்த உதடு, பல மணி நேரம் சிறுநீர் போகாமை ஆகியவையும் அப்படியே. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் என்றால் வேறு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும்.

இரவில் நாய் குரைப்பது போல இருமுகிறது, மூச்சு இழுக்கும்போது ஒலி வருகிறது.

இது ‘குரூப்’ (croup) என்ற குரல்வளை அழற்சி. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை வழக்கம். பெரும்பாலும் பாராஇன்ஃப்ளூயன்சா வைரஸ் குரல்வளையை வீங்கவைப்பதால் வருவது. குழந்தையை அழவிடாமல் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அழ அழ வழி குறுகும். அமைதியாக இருக்கும்போதும் அந்த ஒலி கேட்டால் மருத்துவமனைதான். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஒரே வேளை கொடுத்தால் சில மணி நேரத்தில் நன்றாகத் தணியும்.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு: அதிகக் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, முன்னால் சாய்ந்து கையூன்றி உட்காருவது, இருமல் இல்லாமை. குரல்வளை மூடி வீங்கியிருக்கலாம். தொண்டைக்குள் கரண்டி வைத்துப் பார்க்காதீர்கள், மூச்சே அடைத்துவிடும். இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்த ‘ஹிப்’ பாக்டீரியாவுக்குத் தடுப்பூசி வந்தபின் இது அரிதாகிவிட்டது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படியும் டிப்தீரியாவும் தடுப்பூசி விட்டுப்போன இடங்களில் தலைதூக்கும்.

பெரியவர்கள் எப்போது தாமதிக்கக் கூடாது?

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழ் இறங்குவது. வாய் திறக்க முடியாமல், ஒரு பக்கம் மட்டும் தொண்டை வலித்து, வாயில் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறினால் டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், கழுத்து விறைப்போடு தலைவலி ஆகியவையும் அவசரமே. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் அவசரம் இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன் / இரத்த அழுத்தம் இருக்கிறது / ஆஸ்துமா இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்குத் தேவையான அளவு பாராசிட்டமால் போதும். 20 வாரத்துக்குப் பின் ஐபுப்ரோஃபென் வேண்டாம். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரையைத் தொடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சளிதான் இளைப்பைத் தூண்டும் முதல் காரணம், அதனால் இன்ஹேலரை அந்த நாட்களில் நிறுத்தவே கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தொற்று நாட்களில் சர்க்கரை ஏறும். கூடுதலாக ஒருமுறை பாருங்கள்.

எல்லாம் போய்விட்டது, இருமல் மட்டும் போகவில்லை.

‘இருமல் எத்தனை நாள் இருக்கும்’ என்று கேட்டால் மக்கள் ஒரு வாரம் என்பார்கள். உண்மையில் சராசரியே இரண்டரை வாரம். வைரஸ் போனபின்னும் சவ்வு புண்ணாகி, நரம்பு நுனிகள் கூச்சத்தோடு இருப்பதால் குளிர்ந்த காற்றுக்கும் சிரிப்புக்கும்கூட இருமல் வரும். மூன்று வாரம் தாண்டினால் காட்டுங்கள். இரத்தம் கலந்து வந்தாலோ, மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தாலோ காசநோய்ப் பரிசோதனை தேவை. அடுக்கடுக்காக இருமி, முடிவில் ‘ஹூ’ என்று இழுத்து வாந்தியும் வந்தால் கக்குவான் இருமலாக இருக்கலாம்.

தடுக்க என்னதான் செய்யலாம்?

சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுவது, முகத்தைத் தொடாதிருப்பது, சன்னலைத் திறந்துவைப்பது, முழங்கை மடிப்பில் இருமுவது, போதிய தூக்கம். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி. தூக்கத்தைச் சும்மா சேர்க்கவில்லை: ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவர்களின் மூக்கில் வைரஸை விட்டுப் பார்த்தபோது, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்குபவர்களைவிடப் பல மடங்கு பேருக்குச் சளி பிடித்தது.

மருத்துவரிடம் போனால் என்ன சொல்ல வேண்டும்?

எந்த நாள் தொடங்கியது. இடையில் தேறி மறுபடி மோசமானதா. காய்ச்சல் அளந்தீர்களா, எவ்வளவு, எத்தனை நாள். இருமலும் மூக்கொழுகலும் உண்டா. வீட்டில் வேறு யாருக்கு. ஏற்கெனவே எந்த மாத்திரை, எத்தனை வேளை. பட்டையையே எடுத்துப் போங்கள். ஒவ்வாமை, கர்ப்பம், பிற நோய்கள். அவர் ‘மருந்து வேண்டாம், ஒரு வாரம் பாருங்கள்’ என்றால் ‘எந்த நாளுக்குள் குறையாவிட்டால் திரும்ப வர வேண்டும்?’ என்று கேட்டு அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.